பதின்மூன்று கிளிகள், மூன்று துறைகள்: ஒரு தீவுக் கிளியை மீட்கும் வேலை எப்படி நடக்கிறது?

கரீபியன் கடலில் இருக்கும், அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவு. மழை விடாத ஒரு மலைக்காடு. மரத்தில் கட்டிவைத்த பெட்டிக்குள் ஒரு பச்சைக் கிளி மூன்று முட்டை இட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் மெல்லிய விரிசல். அதை எடுத்துப்போய் அடைகாப்புக் கருவியில் வைத்தால் குஞ்சு பிழைக்கலாம். எடுக்கப்போய்த் தாய் வெருண்டுவிட்டால் மற்ற இரண்டும் போய்விடலாம். யார் முடிவெடுப்பது?

மரம் நிற்கும் காடு அமெரிக்க வனத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அது வேளாண் அமைச்சகத்துக்குக் கீழ் வருவது. கிளியோ அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. ஆகவே அதன் பாதுகாப்பு அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறையைச் சேரும். அது உள்துறை அமைச்சகத்தின் (அமெரிக்காவில் நிலத்தையும் இயற்கை வளத்தையும் பார்ப்பது அது) அங்கம், அதாவது வேறொரு கூரை. இவை தவிர, தீவின் காட்டுயிர்களைக் காக்கும் கடமை போர்ட்டோ ரிக்கோ அரசின் இயற்கை மற்றும் சுற்றுச்சூழல் வளத் துறைக்கும் இருக்கிறது. முட்டைக்கு இந்த எல்லைக்கோடுகள் எதுவும் தெரியாது. கரு குளிர்ந்துபோவதற்குள் யாராவது ஒருவர் மரம் ஏறியாக வேண்டும்.

அந்த ஒருவர் யார், என்ன செய்யலாம், யாரைக் கேட்காமல் செய்யலாம் என்பதையெல்லாம் முட்டை விரிசல் விடுவதற்கு வெகுநாள் முன்பே பேசி முடித்து வைப்பதைத்தான் மீட்பு ஒருங்கிணைப்பு என்கிறோம். கேட்க அலுவலக வேலை போலத் தோன்றும். ஆனால் இந்தக் கிளி இன்று உயிரோடு இருப்பதற்கு அந்த வேலைக்கு முக்கியப் பங்கு உண்டு. புதிதாக இதைத் தெரிந்துகொள்ள வருபவர்கள் கூண்டு, முட்டை, குஞ்சு என்று கவனிப்பார்கள். அவற்றுக்குப் பின்னால் ஓடும் ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுதாகப் புரியும்.

இகுவாக்கா

தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்கள் இந்தக் கிளியை இகுவாக்கா என்று அழைத்தார்கள். பறக்கும்போது அது கத்தும் ஒலியே அந்தப் பெயர். சுமார் 30 சென்டிமீட்டர் நீளம், பச்சை உடல், நெற்றியில் சிவப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். உட்கார்ந்திருக்கும்போது இலையோடு இலையாக மறைந்துவிடும். சிறகு விரித்தால் நீலம் தெரியும். உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத கிளி இது.

ஒருகாலத்தில் தீவு முழுக்கப் பல லட்சம் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பிறகு காடு போனது. கரும்பு, காப்பி, மேய்ச்சல் நிலம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் தீவின் காடுகளில் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. இந்தக் கிளிக்குப் பழைய, பருத்த மரங்களில் உள்ள ஆழமான பொந்து வேண்டும். இளங்காட்டில் பொந்து இருக்காது. பயிரைத் தின்கிறது என்று சுட்டார்கள். வளர்ப்பதற்காகக் குஞ்சுகளைப் பிடித்தார்கள். பக்கத்தில் உள்ள சின்னத் தீவான குலேப்ராவில் வாழ்ந்த கிளையினம் 1912 வாக்கில் மறைந்தே போனது. பெரிய தீவில் மிஞ்சியவை வடகிழக்கு மூலையில் உள்ள லுக்கியோ மலைகளில் ஒதுங்கின. அங்கே காடு தப்பியதற்குக் காரணம், செங்குத்தும் ஈரமுமான அந்தச் சரிவில் யாராலும் பயிர் செய்ய முடியவில்லை என்பதுதான். இன்று அந்தக் காட்டுக்கு எல் யுங்கே என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிளி கடைசியாக எங்கே மிஞ்சுகிறதோ அதுதான் அதற்கு ஏற்ற இடம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். மனிதர்களுக்கு வேண்டாத இடம் என்பதால் அங்கே மிஞ்சியிருக்கலாம். எல் யுங்கேயில் மழை அதிகம். பொந்துக்குள் நீர் இறங்கும். புயல் முதலில் மோதுவதும் தீவின் அந்தப் பக்கத்தில்தான். பின்னால் எடுத்த பெரிய முடிவுகள் பலவற்றுக்கு இந்த உண்மையே அடிப்படை.

1950களில் எண்ணியபோது சுமார் 200. 1967இல் அழியும் நிலைப் பட்டியலில் சேர்த்தார்கள். 1968இல் மீட்பு வேலை தொடங்கியபோது இருபத்துச் சொச்சம். 1975இல் காட்டில் 13.

பதின்மூன்று. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, அவற்றில் முட்டையிடும் ஜோடிகள் எத்தனை இருந்திருக்கும் என்பதுதான். ஒரு கையின் விரல்களே போதும்.

திட்டம் என்ற தாள்

அமெரிக்காவில் 1973இல் வந்த அழிந்துவரும் உயிரினங்கள் சட்டம், பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கு மீட்புத் திட்டம் எழுதச் சொல்கிறது. இந்தக் கிளிக்கு முதல் திட்டம் 1982இல் வந்தது, திருத்திய திட்டம் 2009இல். உள்ளே என்ன இருக்கும்? அழிவுக்குக் காரணங்கள், செய்ய வேண்டிய வேலைகள், ஒவ்வொன்றையும் யார் செய்வது, எது முதலில், எந்த நிலையை எட்டினால் பட்டியலில் ஒரு படி இறக்கலாம்.

அந்தத் திட்டம் யாரையும் சட்டப்படி கட்டாயப்படுத்தாது. அது வழிகாட்டி மட்டுமே. எழுதியதைச் செய்யவில்லை என்று ஒரு துறையை இன்னொரு துறை தண்டிக்க முடியாது. எனவே திட்டத்துக்கு உயிர் கொடுப்பது துறைகள் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமும், ஒருவரையொருவர் அறிந்த களப்பணியாளர்களும்தான். மீன் மற்றும் வனவிலங்குத் துறை, வனத் துறை, தீவு அரசின் துறை ஆகிய மூன்றும் அப்படிக் கையெழுத்திட்டு வேலையைப் பிரித்துக்கொண்டன. காட்டையும் மரங்களையும் பார்ப்பது ஒன்று. எல் யுங்கே பறவையகத்தையும் (கூண்டில் கிளிகளை வளர்த்துப் பெருக்கும் இடம்) அங்குள்ள காட்டுக் கிளிகளையும் பார்ப்பது ஒன்று. மேற்கே உள்ள இரண்டாவது பறவையகத்தையும் அதைச் சுற்றிய காட்டையும் பார்ப்பது ஒன்று. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள்.

ஊர் கூடித் தேர் இழுக்கிறோம் என்று சொல்வது எளிது. வடம் பிடிக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க, ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போடுபவர் யார் என்றும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கிளி மீட்பில் நிறுத்துவதற்கான உரிமை இழுப்பதற்கான உரிமை அளவுக்கே முக்கியம். நோய் தென்பட்டால் இடமாற்றத்தை நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் யாரிடமாவது தெளிவாக இருக்க வேண்டும்.

ஒரு பொந்துக்குள் எத்தனை எதிரி

களத்தில் நடப்பதைப் பார்த்தால்தான் இவ்வளவு பேர் ஏன் தேவை என்று விளங்கும். நான் இந்தக் கதையில் அதிகம் வியப்பதும் இந்தப் பகுதியைத்தான்.

எல் யுங்கேயில் கிளிகள் விரும்பிக் கூடு வைப்பது பாலோ கொலொராதோ என்ற செந்நிற மரத்தின் பொந்துகளில். நூற்றாண்டுக் கணக்கில் வயதான மரங்கள் உள்ளே உளுத்துப்போய்ப் பொந்தாகும். உணவில் மலைப் பனையின் கனிகளுக்குப் பெரிய இடம் உண்டு. மரம் குறைந்ததால் பொந்து குறைந்தது. இருந்த பொந்துகளில் பலவற்றில் தண்ணீர் தேங்கியது. எனவே முதல் வேலை தச்சு வேலை போல இருந்தது: பொந்தின் வாயில் மழை படாமல் மறைப்பது, தரையை உயர்த்துவது, நீர் வடியத் துளையிடுவது.

அடுத்து வந்தது முத்துக்கண் திராஷர். வெள்ளை விழி கொண்ட, மைனாவைவிடச் சற்றுப் பெரிய பறவை, முரட்டுக் குணம். கிளியின் முட்டையைக் கொத்தும், குஞ்சைக் கொல்லும், பொந்தைப் பிடித்துக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது அந்த மலைகளில் பெருகியது. விரட்டிப் பார்த்தார்கள், சுட்டுப் பார்த்தார்கள். ஒன்று போனால் அடுத்தது வந்து அதே இடத்தைப் பிடித்தது.

1970களில் அங்கே களத்தில் இருந்த நோயெல் ஸ்னைடர் முதலான பறவை ஆய்வாளர்கள் திராஷரின் பழக்கத்தைப் பொறுமையாகக் கவனித்தார்கள். அடி தெரியாத பொந்துக்குள் நுழைய திராஷர் தயங்குகிறது; கிளி தயங்குவதில்லை. ஆழமும் இருட்டும் கொண்ட, வளைந்து இறங்கும் கூடுபெட்டி அப்படித்தான் பிறந்தது. வாசலில் இருந்து எட்டிப் பார்த்தால் அடித்தளம் தெரியாது. கிளி இறங்கிவிடும், திராஷர் திரும்பிப் போய்விடும்.

அதற்கு மேல் இன்னொன்றும் செய்தார்கள். கிளியின் கூட்டுக்குப் பக்கத்திலேயே திராஷருக்கு ஏற்ற ஆழமில்லாத பெட்டி ஒன்றை வைத்தார்கள். அதில் ஒரு திராஷர் ஜோடி குடியேறும். தன் எல்லைக்குள் வேறு திராஷர் நுழைய அது விடாது. ஆழமான பெட்டியில் உள்ள கிளியை அதுவும் தொந்தரவு செய்யாது. எதிரியையே காவலுக்கு வைத்துவிட்டார்கள்! உயிரினக் காப்பில் நான் படித்த யோசனைகளில் இவ்வளவு எளிமையானதும் இவ்வளவு கூர்மையானதும் குறைவு.

அதோடு முடியவில்லை. ஒருவகை ஈ கூட்டுக்குள் முட்டையிடும். அதன் புழுக்கள் குஞ்சின் தோலுக்கடியில் புகுந்து இரத்தம் குடிக்கும். அதற்குக் கூட்டைச் சுத்தம் செய்து மருந்திட வேண்டும். தேனீக்கள் பொந்தைப் பிடித்துக்கொள்ளும். எலி வரும். செவ்வால் பருந்து பறக்கும் கிளிகளைத் தூக்கும். மறைவிடத்தில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து கூட்டைக் கண்காணிக்க ஆள் வேண்டும். தாய்க்கிளி வழக்கத்தைவிட நேரம் கழித்து உள்ளே போனால்கூட அவர் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பு பறவையகத்துக்குப் போகும். அங்கே அடைகாப்புக் கருவி தயாராகும். மலைப்பாதை சேறாக இருந்தால் வண்டி எங்கே நிற்கும் என்பதுகூட முன்பே முடிவாகியிருக்கும்.

பல ஆண்டுகள் எல் யுங்கேயில் முட்டையிட்ட ஜோடிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு கூடு கெட்டால் அந்த ஆண்டின் பிறப்பில் பெரும்பங்கு போயிற்று. அப்படிப்பட்ட கணக்கில், தகவல் ஒரு மேசையில் ஒருநாள் தேங்கினாலும் அது குஞ்சின் உயிரில் போய் முடியும்.

கூண்டில் வளர்ப்பது

1973இல் லுக்கியோ மலையில் பறவையகம் தொடங்கியது. காட்டில் இருபதுகூட இல்லாத நேரத்தில் அங்கிருந்து முட்டையையும் குஞ்சையும் எடுத்துக் கூண்டுக்குக் கொண்டுவருவது என்ற முடிவை யோசித்துப் பாருங்கள். எடுத்தது பிழைக்காவிட்டால் அழிவை நாமே விரைவுபடுத்தியதாகும். எடுக்காவிட்டால் ஒரே ஒரு புயல் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் அந்த முடிவை எடுத்திருப்பார்கள்.

உதவிக்கு வந்தது பக்கத்துத் தீவின் சொந்தக்காரக் கிளி. இஸ்பானியோலா தீவில் வாழும் இஸ்பானியோலா கிளி இகுவாக்காவின் நெருங்கிய உறவு. எண்ணிக்கையில் அதைவிடப் பரவாயில்லை. அந்தக் கிளிகளை வளர்ப்புத் தாய்களாக வைத்தார்கள். இகுவாக்காவின் முட்டை அவற்றின் அடியில் அடைகாக்கப்பட்டது, குஞ்சுகள் அவற்றின் வாயிலிருந்து இரை வாங்கின. புதிய முறை எதுவானாலும் முதலில் இஸ்பானியோலா கிளியிடம் சோதித்துவிட்டுத்தான் இகுவாக்காவிடம் வந்தார்கள்.

கூண்டில் வளர்ப்பதன் கடினமான பகுதி ஜோடி சேர்ப்பது. பதின்மூன்றில் இருந்து பெருகிய கூட்டத்தில் எல்லாம் ஏதோ ஒரு வகையில் உறவு. நெருங்கிய உறவுக்குள் ஜோடி சேர்ந்தால் பொரிக்காத முட்டைகள், பலவீனமான குஞ்சுகள் கூடும். அதனால் ஒவ்வொரு கிளிக்கும் காலில் வளையம், ஒவ்வொன்றுக்கும் வம்சாவளிப் பதிவு. எந்தக் குடும்பத்துக்குப் பிள்ளைகள் அதிகம், எது அற்றுப்போகும் நிலையில் இருக்கிறது என்று பதிவேடு சொல்லும். ஆனால் பதிவேடு சொல்கிற மாப்பிள்ளையைப் பெண்கிளிக்குப் பிடிக்க வேண்டுமே! கிளிகள் விருப்பப்பட்டுத்தான் ஜோடி சேரும், சேர்ந்தால் நெடுநாள் பிரியாது. கட்டாயப்படுத்திச் சேர்த்தால் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். இரண்டு பறவையகங்களுக்கு இடையே கிளிகளை மாற்றிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். பதிவேடு இரண்டு இடத்துக்கும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அந்தப் பரிமாற்றத்துக்குப் பொருள் உண்டு. என் கருத்தில், இந்தத் திட்டத்தின் மிக விலைமதிப்புள்ள பொருள் அந்தப் பொதுப் பதிவேடுதான்.

பருந்தைப் பார்த்துப் பயப்படக் கற்பித்தல்

கூண்டில் பிறந்த கிளிக்குப் பருந்து என்றால் என்னவென்று தெரியாது. திறந்துவிட்டால் உயரமான கிளையில் உட்கார்ந்து கத்தும்.

விடுவிக்கும் முறையை இகுவாக்காவிடம் நேரடியாகச் சோதிக்கத் துணியவில்லை. 1997, 1998 ஆண்டுகளில் டொமினிக்கன் குடியரசில் இஸ்பானியோலா கிளிகளை விடுவித்துப் பழகிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு 2000 முதல் 2002 வரை எல் யுங்கேயில் கூண்டில் வளர்ந்த 34 இகுவாக்காக்களை, சிக்னல் கருவி கட்டி விடுவித்தார்கள். முதல் ஆண்டைத் தாண்டியவை 41 சதவீதம். இறந்தவற்றில் பலவற்றைக் கொன்றவை வேட்டைப் பறவைகள்.

இங்கேதான் பயிற்சி வந்தது. பெரிய பறப்புக் கூண்டில் கிளிகள் இருக்கும்போது மேலே பருந்தின் நிழலுருவத்தை ஓடவிட்டு, பருந்தின் குரலை ஒலிக்கச் செய்வார்கள். பிறகு பழக்கப்பட்ட உயிருள்ள பருந்து ஒன்று, தோல் கவசம் அணிந்த ஓர் இஸ்பானியோலா கிளியைப் பிடிப்பதுபோல் காட்டுவார்கள். கவசம் கிளியைக் காக்கும். ஆனால் அது எழுப்பும் அலறலை மற்றவை கேட்கும், அன்றிலிருந்து பருந்தைக் கண்டால் உறைந்து நிற்கும். பார்ப்பதற்குக் கொடுமையாகத் தோன்றலாம். அந்தப் பாடம் இல்லாமல் வெளியே அனுப்புவது அதைவிடப் பெரிய கொடுமை என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு புயல்கள்

1989 செப்டம்பர். எல் யுங்கேயில் காட்டுக் கிளிகள் 47 வரை ஏறியிருந்தன. ஹியூகோ சூறாவளி வந்து போனபின் எண்ணியபோது ஏறக்குறைய 23. பதினான்கு ஆண்டு உழைப்பில் பாதி ஒரே நாளில் போனது. கூண்டுக் கிளிகள் தப்பின. ஆனால் காடும் பறவையகமும் ஒரே மலையில். புயல் இன்னும் சற்று நேராக வந்திருந்தால்?

அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் இரண்டாவது பறவையகம். தீவின் மேற்கு மையத்தில், சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த ரியோ அபாஹோ வனத்தில், 1993இல் கிளிகளைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். அங்கே மழை குறைவு, குன்றுகள் காற்றைத் தடுக்கும். அதை நடத்துவது தீவு அரசின் துறை. இது ஓர் ஒருங்கிணைப்பு முடிவு என்பதைக் கவனியுங்கள். ஒரு துறை தன்னிடம் உள்ள மிக அரிய உயிர்களில் ஒரு பகுதியை இன்னொரு துறையின் கையில் ஒப்படைக்கிறது. "நாங்கள்தான் இத்தனை வருடம் பார்த்தோம்" என்ற பற்றைக் கொஞ்சம் தளர்த்தினால்தான் அது நடக்கும். 2006இல் ரியோ அபாஹோ காட்டிலும் கிளிகளை விடுவித்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தீவில் இரண்டாவது காட்டுக் கூட்டம் உருவானது. சில ஆண்டுகளிலேயே அது எல் யுங்கேயை மிஞ்சியது. எல் யுங்கேயின் பழைய பறவையகத்துக்குப் பதிலாக 2007இல் புதியது கட்டியபோது, சூறாவளியைத் தாங்கும் கான்கிரீட் அறைகளையும் சேர்த்துக் கட்டினார்கள்.

2017 செப்டம்பர் 20. மரியா சூறாவளி தீவின் தென்கிழக்கில் கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர். இரண்டு வாரம் முன்புதான் இர்மா தீவின் வடக்கே உரசிப் போயிருந்தது. பணியாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட கிளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அந்த அறைகளுக்குள் அடைத்தார்கள். அவை பிழைத்தன.

காட்டில் இருந்தவை? புயல் ஓய்ந்தபோது எல் யுங்கேயில் இலையே இல்லை. பசுமையான மலை முழுவதும் பழுப்பாக, தீப்பிடித்து அணைந்ததுபோல் நின்றது. புயலில் தப்பிய கிளிகளுக்குத் தின்னக் கனி இல்லை, பருந்திடமிருந்து ஒளிந்துகொள்ள இலை இல்லை. ஐம்பதுக்கும் மேல் இருந்த காட்டுக் கூட்டத்தில் மிஞ்சியது இரண்டு.

1968இல் தொடங்கிய வேலைக்கு ஐம்பதாவது ஆண்டு நெருங்கியபோது இது நடந்தது. எண்ணிக்கையை எழுதிய பணியாளரின் மனநிலையை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

ஆனால் இனம் அழியவில்லை. ரியோ அபாஹோவில் நூற்று முப்பதுக்கும் மேல் இருந்த காட்டுக் கிளிகளில் பெரும்பகுதி தப்பின. இரண்டு பறவையகங்களும் நின்றன. தீவு முழுக்க மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, சாலைகளில் மரம் விழுந்து கிடந்தது. பணியாளர்களில் பலருக்கு வீட்டுக் கூரையே போயிருந்தது. அப்படியும் கிளிகளுக்கு இரையும் தண்ணீரும் போயின. யாரும் யாரையும் தொடர்புகொள்ள முடியாத அந்த நாள்களில், எந்த உத்தரவையும் எதிர்பார்க்காமல் ஒவ்வோர் இடத்திலும் அவரவர் தம் வேலையைச் செய்யத் தெரிந்திருந்தது. 1989இல் கற்ற பாடம் 2017இல் கைகொடுத்தது.

குரலும் ஒரு சொத்து

எண்ணிக்கை மட்டும் திரும்பினால் போதுமா? கிளி தன் மொழியைப் பெற்றோரிடமும் கூட்டத்திடமும் கற்கிறது. தான்யா மார்ட்டினஸ் என்ற ஆய்வாளர் இகுவாக்காக்களின் அழைப்பொலிகளைப் பதிவுசெய்து ஒப்பிட்டார். எல் யுங்கேயின் காட்டுக் கிளிகள் ஒரு மாதிரி பேசின, பறவையகத்துக் கிளிகள் வேறு மாதிரி பேசின. ரியோ அபாஹோவில் விடுவித்தவை தங்கள் பறவையகத்தின் பேச்சையே காட்டுக்குக் கொண்டுபோயின. இஸ்பானியோலா வளர்ப்புத் தாய்களின் ஒலியும் இதில் கலந்திருக்கலாம்.

மரியா வந்தபோது எல் யுங்கேயின் காட்டுக் கூட்டத்தோடு அந்தப் பேச்சு வழக்கும் போனது. தைனோ மக்களின் காலத்திலிருந்து அறுபடாமல் ஒரு தலைமுறை அடுத்ததற்குச் சொல்லிக்கொடுத்து வந்த ஒலி அது. மீட்புத் திட்டங்கள் மரபணுவுக்குப் பதிவேடு வைக்கின்றன. குரலுக்கு யார் வைப்பது? இந்தக் கேள்வி பெரிதாக எழுந்ததே அண்மையில்தான். இனி இடமாற்றங்களைத் தீர்மானிக்கும்போது எந்தக் கிளி எந்தக் கூட்டத்தோடு வளர்ந்தது, யாரிடம் பேசக் கற்றது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

ஊராரின் பங்கு

2012இல் இந்தக் கிளியின் முழு மரபணுத்தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். மயாகுயெஸில் உள்ள போர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தில் நடந்த அந்த வேலைக்குத் தீவு மக்களே பணம் திரட்டினார்கள். மாணவர்கள் ஓவியக் காட்சியும் உடையலங்கார நிகழ்ச்சியும் நடத்தி நிதி சேர்த்தார்கள். பெரிய ஆய்வகங்கள் கோடிகளில் செய்கிற வேலை அது. ஒரு பறவையின் மரபணுவைப் படிக்க ஊர் சேர்ந்து பணம் போட்டது என்பதைப் படித்தபோது, இந்தக் கிளிக்கு நான்காவதாக ஒரு காவலர் இருப்பது எனக்குப் புரிந்தது. விடுவித்த கிளி தோட்டத்துக்குள் வந்து உட்காரும்போது அதைப் பிடிக்காமல், சுடாமல் விடுவதும் அந்த நான்காவது காவலரின் கையில்தான் இருக்கிறது.

மற்ற தீவுகளிலும் இதே வேலை வெவ்வேறு வடிவில் நடக்கிறது. நியூசிலாந்தின் பறக்க முடியாத ககாப்போ 1995இல் 51 மட்டுமே இருந்தது. அங்கே அரசின் இயற்கைக் காப்புத் துறையும் ஙாய் தாஹு என்ற மாவோரிப் பூர்வகுடி மக்களும் கைகோத்து, எதிரி விலங்குகளை அகற்றிய சிறு தீவுகளில் அவற்றை வைத்துக் காக்கிறார்கள். ஒவ்வொரு பறவைக்கும் பெயர் உண்டு. 2019இல் குஞ்சுகள் ஏராளமாகப் பொரித்த அதே பருவத்தில் பூஞ்சை நோய் வந்தபோது, தொலைவில் உள்ள விலங்கு மருத்துவமனைகளுக்குப் பறவைகளை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். மொரிஷியஸ் தீவின் பச்சைக் கிளி 1980களில் பத்துப் பன்னிரண்டாகக் குறைந்து, பிறகு நூற்றுக்கணக்கில் பெருகியது. அங்கே அலகும் இறகும் சிதையும் வைரஸ் நோய் பரவியபோது, கூடுகளுக்கிடையே குஞ்சுகளை மாற்றி வைக்கும் வேலையை நிறுத்தினார்கள். முன்பு உயிர் கொடுத்த அதே கைகள் நோயையும் கொண்டுபோகக்கூடும் என்பதால். மேலே சொன்னேனே, நிறுத்தும் அதிகாரம் என்று, அது இதுதான்.

போர்ட்டோ ரிக்கோவுக்குத் திரும்புவோம். காட்டிலும் கூண்டிலும் சேர்த்து இன்று பல நூறு இகுவாக்காக்கள் இருக்கின்றன. மேற்குப் பகுதியின் மரிக்காவ் வனத்தில் மூன்றாவது காட்டுக் கூட்டத்தை உருவாக்குவதும் திட்டத்தின் ஒரு பகுதி. எல் யுங்கே மீண்டும் துளிர்த்த பிறகு, 2020 ஜனவரியில் அங்கே 30 கிளிகளை விடுவித்தார்கள். பருந்துப் பாடம் முடித்தவை அவை. காலில் வளையம், பதிவேட்டில் பெயர். கூண்டின் கதவைத் திறந்தபோது சில உடனே பறந்தன, சில வாசலிலேயே உட்கார்ந்திருந்தன. பறந்தவை பறவையகத்தில் கற்ற குரலில், "இகுவாக்கா" என்று கத்திக்கொண்டே மலைப் பனைகளின் மேலே போயின.